கால் மைல் வீராங்கனை

வேகமும் ஒரு நகரமும்

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள். விடியற்காலை மணி மூன்றைக் கடந்திருந்தது. ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் பதின்ம வயதினர் பலர் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளுடன் கூடியிருந்தனர். அவ்வழியே வந்த கார் ஒன்று அவர்களுடன் மோதியது. எட்டுப் பேர் உயிரிழந்தனர். பொழுது விடிந்ததும் இந்தச் செய்தி நாடு முழுவதும் பரவி, பெற்றோர் பலரைக் கலங்க வைத்தது. உறங்கச் சென்ற பிள்ளை வீட்டில்தான் இருக்கிறானா என்று எண்ணிப் பார்க்காத குடும்பமே அன்று இல்லை எனலாம்.

வேகத்தின்மீது இளையோர் கொள்ளும் ஈர்ப்பு புதியதன்று. மோட்டார் சைக்கிளில் சாலைகளையே பந்தயத் திடலாக்கிக் கொள்வோரை மலேசியர்கள் ‘மாட் ரெம்பிட்’ என்று அழைக்கின்றனர். காவல் துறை சோதனை நடத்துகிறது, வாகனங்கள் பறிமுதல் செய்யப்படுகின்றன, தண்டனைகள் விதிக்கப்படுகின்றன. ஆயினும், ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வேகத்தை உண்மையிலேயே விரும்பும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ எங்கே செல்வது?

அமெரிக்காவில் இதே கேள்வி எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. அதற்கு விடை தேடியபோது வளர்ந்த விளையாட்டுதான் ‘டிராக் பந்தயம்’ எனப்படும் நேர்பாதை விரைவுப் பந்தயம். தெருவில் கார் ஓட்டத் தொடங்கி, அந்த விளையாட்டின் உச்சத்தை மூன்று முறை எட்டியவர் ஷெர்லி மல்டவுனி. அவருடைய வாழ்க்கை, வேகம் எங்கே விளையாட்டாகிறது, எங்கே ஆபத்தாகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

டிராக் பந்தயம் என்றால் என்ன?

டிராக் பந்தயத்தில் வளைவுகள் இல்லை. இரண்டு வாகனங்கள் அருகருகே நின்று, ஒரே நேரத்தில் புறப்பட்டு, நேரான பாதையில் விரைந்து செல்லும். முதலில் எல்லைக்கோட்டைக் கடப்பவர் வெற்றியாளர். இப்பந்தயத்தின் மரபுவழித் தூரம் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர். பள்ளி விளையாட்டுப் போட்டியின்போது திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறிக்கும் ஒரு சுற்றின் நீளமும் ஏறக்குறைய அதுதான். அந்தச் சுற்றை ஓடி முடிக்க நல்ல மாணவருக்கு ஒரு நிமிடம் ஆகும். உயர்நிலை டிராக் பந்தய வாகனத்துக்கோ சில நொடிகள் போதும்.

இப்பந்தயத்தில் பல பிரிவுகள் உள்ளன. அவற்றுள் மிகவும் வேகமானது ‘டாப் ஃபியூல்’ பிரிவு. இப்பிரிவின் வாகனம் அம்பு போல நீண்டு மெலிந்திருக்கும். முன்சக்கரங்கள் சிறியவை, பின்சக்கரங்கள் மிகப் பெரியவை. பெட்ரோலுக்குப் பதிலாக நைட்ரோமெத்தேன் என்னும் எரிபொருள் இதில் பெருமளவு பயன்படுகிறது. எந்த எரிபொருளும் எரிவதற்கு உயிர்வளி தேவை. நைட்ரோமெத்தேன் மூலக்கூற்றுக்குள்ளேயே உயிர்வளி அடங்கியிருப்பதால், ஒரே அளவு காற்றைக் கொண்டு பெட்ரோலைவிடப் பன்மடங்கு எரிபொருளை எரிக்க முடிகிறது. இதனால் இயந்திரம் அளப்பரிய ஆற்றலைப் பெறுகிறது. இன்றைய டாப் ஃபியூல் வாகனம் ஒன்றின் ஆற்றல் 10,000 குதிரைத்திறனுக்கும் மேற்பட்டது. அது மணிக்கு 530 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது. அந்த வேகத்தில் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தைக் கடக்க ஏழு நொடிகள் போதும். வார இறுதி நெரிசலில் அதே பாலத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு நன்கு புரியும்.

வேகம் மட்டும் இருந்தால் வென்றுவிடலாம் என்று நினைப்பது தவறு. புறப்படும் இடத்தில் விளக்குக் கம்பம் ஒன்று நிற்கும். அதன் வடிவத்தைப் பார்த்து அதனைக் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று அழைப்பர். மஞ்சள் விளக்குகள் எரிந்த சிறு கணத்தில் பச்சை விளக்கு எரியும். அதற்கு முன்பே வாகனம் நகர்ந்தால் சிவப்பு விளக்கு எரிந்து, ஓட்டுநர் தோற்றவராவார். பச்சை விளக்கைக் கண்டு வாகனத்தை நகர்த்த எடுத்துக்கொள்ளும் நேரம், பந்தயப் பாதையைக் கடக்கும் நேரம் ஆகிய இரண்டும் சேர்ந்தே வெற்றியை முடிவு செய்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதலாம் ஓட்டுநர் 0.05 நொடியில் புறப்பட்டு, 5.80 நொடியில் பாதையைக் கடக்கிறார். இரண்டாம் ஓட்டுநர் 0.15 நொடியில் புறப்பட்டு, 5.75 நொடியில் கடக்கிறார். இரண்டாமவரின் வாகனமே வேகமானது. ஆயினும், முதலாமவருக்கு ஆன மொத்த நேரம் 5.85 நொடி, இரண்டாமவருக்கு 5.90 நொடி. எனவே, வெற்றி முதலாமவருக்கே. கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவான தாமதம் ஒரு வெற்றியைப் பறித்துவிடும். இதனால்தான் டிராக் பந்தயத்தில் ஓட்டுநரின் கவனமும் நிதானமும் இயந்திரத்தின் ஆற்றலுக்கு இணையாக மதிக்கப்படுகின்றன.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். எல்லைக்கோட்டுக்கு அப்பாலும் பாதை நீண்டு செல்லும். வாகனத்தை நிறுத்துவதற்காகவே ஒதுக்கப்பட்ட பகுதி அது. பெரும்பாலான பந்தயத் தடங்களில், பந்தயத் தூரத்தைவிட நிற்பதற்கான தூரமே அதிகம். எல்லைக்கோட்டைக் கடந்தவுடன் வாகனத்தின் பின்புறத்திலிருந்து வான்குடைகள் விரிந்து வேகத்தைக் குறைக்கும். விரைந்து செல்லத் தெரிந்தவருக்கு நிற்கவும் இடம் வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை. பொதுச்சாலையில் இல்லாதது அந்த இடம்தான்.

தெருவிலிருந்து தடத்துக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இளைஞர்கள் பழைய கார்களை மாற்றியமைத்துத் தெருக்களில் போட்டியிட்டனர். விபத்துகள் பெருகின, பொதுமக்கள் வெறுப்படைந்தனர். இந்நிலையில் 1951-ஆம் ஆண்டில் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பந்தயத்தைத் தெருவிலிருந்து அகற்றி, விதிமுறைகளும் பாதுகாப்பும் உள்ள தடங்களுக்குக் கொண்டு செல்வதே அச்சங்கத்தின் நோக்கம். 1953-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் பொமோனாவில் அதன் முதல் அதிகாரப்பூர்வப் பந்தயம் நடந்தது. 1955-ஆம் ஆண்டில் கன்சாஸ் மாநிலத்தில் விமான ஓடுபாதை ஒன்றில் முதல் தேசியப் போட்டி நடத்தப்பட்டது.

அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் வளர்ந்துகொண்டிருந்தார் ஷெர்லி. அவர் 1940-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டமில்லை. கார்தான் அவருடைய உலகமாக இருந்தது. நகரத் தெருக்களில் இரவு நேரங்களில் நடந்த பந்தயங்களில் அவரும் கலந்துகொண்டார். பதினாறாம் வயதில் ஜாக் மல்டவுனியை மணந்தார். ஜாக் கார்களைப் பழுது பார்ப்பதில் வல்லவர். கணவர் வாகனத்தை உருவாக்க, மனைவி ஓட்டினார். விரைவில் அவர்களுக்கு ஜான் என்ற மகன் பிறந்தான்.

1958-ஆம் ஆண்டில் ஷெர்லி தெருவை விட்டு, முறையான பந்தயத் தடத்தில் போட்டியிடத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கையின் முதல் திருப்பம் இதுவே. தெருப் பந்தயத்தில் வென்றவரின் பெயர் எங்கும் பதிவாவதில்லை. நேரத்தை அளக்கும் கருவி இல்லை. விபத்து நேர்ந்தால் ஓடி வரும் மருத்துவக் குழுவும் இல்லை. தடத்திலோ ஒவ்வோர் ஓட்டத்தின் நேரமும் கருவியால் அளக்கப்பட்டது. அந்த அளவீடுகள்தாம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தன. ஒரு பெண் சிறந்த ஓட்டுநராக இருக்க முடியுமா என்று பலரும் ஐயுற்ற காலம் அது. கருத்துகளுக்கு மறுப்புச் சொல்லலாம். கடிகாரத்துக்கு மறுப்புச் சொல்ல முடியாது.

ஓர் உரிமத்துக்கான போராட்டம்

தொழில்முறைப் பந்தயத்தில் கலந்துகொள்ள ஓட்டுநருக்குச் சிறப்பு உரிமம் தேவை. சாலையில் கார் ஓட்டும் உரிமம் அதற்குப் போதாது. அக்காலத்தில் பெண்களுக்கு அத்தகைய உரிமம் வழங்கப் பலர் தயங்கினர். 1965-ஆம் ஆண்டில், பெட்ரோலில் ஓடும் டிராக்ஸ்டர் எனப்படும் நீண்ட பந்தய வாகனத்தை ஓட்டத் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் உரிமம் பெற்ற முதல் பெண் ஆனார் ஷெர்லி.

1971-ஆம் ஆண்டில் அவர் ‘ஃபன்னி கார்’ எனப்படும் பிரிவுக்கு மாறினார். இவ்வகை வாகனத்தில் இயந்திரம் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும். அதன்மேல் வழக்கமான காரின் வடிவில் மெல்லிய உறை மூடியிருக்கும். இயந்திரம் வெடித்தால் தீ ஓட்டுநரை நோக்கியே பாயும். ஷெர்லி பலமுறை தீ விபத்துக்கு ஆளானார். 1973-ஆம் ஆண்டில் இண்டியானாபோலிஸ் நகரில் நேர்ந்த தீ விபத்தில் அவருக்குக் கடுமையான காயங்கள் ஏற்பட்டன. அதன்பின் அவர் ஃபன்னி கார் பிரிவைக் கைவிட முடிவு செய்தார். பந்தயத்தைக் கைவிடவில்லை, அதைவிட வேகமான டாப் ஃபியூல் பிரிவுக்குச் செல்ல முனைந்தார்.

இந்த முடிவு முரட்டுத் துணிச்சலாகத் தோன்றலாம். ஆனால், அதற்குப் பின்னால் தெளிவான காரணம் இருந்தது. டாப் ஃபியூல் வாகனங்கள் அப்போதுதான் பெரும் மாற்றம் கண்டிருந்தன. 1970-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரரின் வாகனத்தில் விசைமாற்றுப் பெட்டி வெடித்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டாகிவிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே அவர் புதிய வாகனத்தைப் பற்றிச் சிந்தித்தார். இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் என்ன என்பதே அவருடைய எண்ணம். அப்படி அமைத்தால் வெடிப்பும் தீயும் எண்ணெயும் ஓட்டுநரைத் தாக்குவது குறையும். 1971-ஆம் ஆண்டில் அவர் அத்தகைய வாகனத்தில் போட்டியிட்டு வெற்றி பெற்றார். சில ஆண்டுகளிலேயே டாப் ஃபியூல் வாகனங்கள் யாவும் அந்த வடிவத்துக்கு மாறின. ஒருவர் பட்ட துன்பம் மற்றவர் உயிரைக் காக்கும் அறிவாக மாறியது.

டாப் ஃபியூல் உரிமம் எளிதில் கிடைப்பதன்று. புதிய ஓட்டுநர் முதலில் குறுகிய தூரமும், பிறகு படிப்படியாக முழுத் தூரமும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே உரிமம் பெற்ற ஓட்டுநர்கள் அதனை நேரில் பார்த்து, அவர் தகுதியானவர் என்று கையொப்பமிட வேண்டும். 1973-ஆம் ஆண்டில் ஷெர்லியின் உரிமத்துக்குக் கையொப்பமிட்டவர்கள் டான் கார்லிட்ஸ், டாமி ஐவோ, கோனி கலிட்டா ஆகிய மூவர். மூவரும் அக்காலத்தின் முன்னணி வீரர்கள். நாளை அவரோடு மோதவிருந்தவர்கள். இப்பெண்ணை நம்பி என் பக்கத்துத் தடத்தில் விடலாம் என்பதுதான் அந்தக் கையொப்பங்களின் பொருள்.

மூன்று முறை வாகையர்

தேசியப் போட்டி ஒன்றின் டாப் ஃபியூல் பிரிவில் பொதுவாகப் பதினாறு வாகனங்கள் இறுதிநாள் சுற்றுக்குத் தகுதி பெறும். ஒரு முறை தோற்றாலும் வெளியேற வேண்டும். எனவே, வாகை சூட நான்கு சுற்றுகளிலும் தொடர்ந்து வெல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே பணிக்குழுவினர் இயந்திரத்தைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி மீண்டும் பூட்டுவர். ஆண்டு முழுவதும் நடைபெறும் போட்டிகளில் பெறும் புள்ளிகளின் அடிப்படையில் அவ்வாண்டின் வாகையர் தேர்வு செய்யப்படுவார்.

1976-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு அருகில் நடந்த தேசியப் போட்டியில் ஷெர்லி வெற்றி பெற்றார். சங்கத்தின் தொழில்முறைப் பிரிவில் தேசியப் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண் அவரே. மறு ஆண்டு, அதாவது 1977-இல், தொடர்ந்து மூன்று தேசியப் போட்டிகளில் வென்று, டாப் ஃபியூல் பிரிவின் ஆண்டு வாகையர் ஆனார். கோனி கலிட்டா அப்போது அவருடைய குழுவில் பணியாற்றினார். அந்த ஆண்டுக்குப் பின் இருவரும் பிரிந்தனர். ஷெர்லியின் வெற்றிகளுக்குக் காரணம் கலிட்டாவின் திறமைதான் என்று சிலர் பேசினர்.

அப்பேச்சுக்கு விடை 1980-ஆம் ஆண்டில் கிடைத்தது. புதிய குழுவுடன் களமிறங்கிய ஷெர்லி இரண்டாம் முறையாக வாகை சூடினார். ஆண்டுப் புள்ளிகளின் அடிப்படையில் டாப் ஃபியூல் பிரிவில் இருமுறை வாகையர் ஆனவர் அதுவரை எவரும் இல்லை, ஆண்களிலும் இல்லை. 1982-ஆம் ஆண்டில் மூன்றாம் முறையும் வென்றார். அவ்வாண்டு இண்டியானாபோலிஸில் நடந்த அமெரிக்காவின் மிகப் பெரிய டிராக் பந்தயத்தின் இறுதிச் சுற்றில் அவர் எதிர்கொண்டது கோனி கலிட்டாவைத்தான். அதிலும் ஷெர்லியே வென்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தீக்காயமடைந்த அதே ஊரில் இவ்வெற்றியைப் பெற்றார்.

அவருடைய வாகனம் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. ஆண்கள் நிறைந்த களத்தில் தொலைவிலிருந்தே அதனை அடையாளம் காண முடிந்தது. 1983-ஆம் ஆண்டில் அவருடைய வாழ்க்கை ஹாலிவுட்டில் திரைப்படமாகவும் வெளிவந்தது.

வீழ்ச்சியும் மீட்சியும்

புகழின் உச்சியில் இருந்தபோது பெரும் துன்பம் நேர்ந்தது. 1984-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், கனடாவின் மொன்ரியால் நகருக்கு அருகிலுள்ள பந்தயத் தடத்தில் ஷெர்லி தகுதிச் சுற்றில் ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லைக்கோட்டை நெருங்கும் வேகத்தில், முன்சக்கரத்தின் உட்குழாய் வெளியேறிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டது. கட்டுப்பாட்டை இழந்த வாகனம் தடத்தை விட்டு விலகிப் புரண்டு சிதறியது. அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 400 கி.மீ.

ஷெர்லியின் இரண்டு கால்களும் இடுப்பெலும்பும் கை எலும்புகளும் முறிந்தன. சிதைந்த கால்களைக் காப்பாற்ற மருத்துவர்கள் பல அறுவைச் சிகிச்சைகளைச் செய்தனர். எழுந்து நிற்பதற்கே அவர் மீண்டும் பழக வேண்டியிருந்தது. மீட்சிக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. மூன்று பட்டங்களும் கையில் இருந்தன. அவர் ஓய்வு பெற்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1986-ஆம் ஆண்டில் அவர் மீண்டும் பந்தயத் தடத்துக்கு வந்தார். முன்பு போல வெற்றிகள் குவியவில்லை. இளம் வீரர்களும் அதிகப் பொருள்வளம் கொண்ட குழுக்களும் களத்தில் இருந்தன. தோல்விகளைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினார். 1989-ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் நடந்த தேசியப் போட்டியில் மீண்டும் வெற்றி பெற்றார். தேசிய ஹாட் ராட் சங்கத்தின் போட்டிகளில் அவர் பெற்ற 18 வெற்றிகளில் அதுவே இறுதி வெற்றி. 2003-ஆம் ஆண்டில், அறுபத்து மூன்றாம் வயதில், அவர் தொழில்முறைப் பந்தயத்திலிருந்து விடைபெற்றார். 

விதிகள் ஏன் மாறின?

ஷெர்லியின் காலத்துக்குப் பின்னும் டிராக் பந்தயம் உயிர்களைப் பலி வாங்கியது. 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நியூஜெர்சி மாநிலத்தின் இங்லிஷ்டவுன் பந்தயத் தடத்தில் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் உயிரிழந்தார். அவர் கோனி கலிட்டாவின் மகன். டாப் ஃபியூல் வாகையர் பட்டத்தை இருமுறை வென்றவர். அவருடைய வாகனத்தின் இயந்திரம் வெடித்துத் தீப்பற்றியது. வேகத்தைக் குறைக்க முடியாமல் வாகனம் தடத்தின் கடைக்கோடியையும் தாண்டிச் சென்றது.

அடுத்த மாதமே சங்கம் ஒரு முடிவெடுத்தது. மிக வேகமான இரண்டு பிரிவுகளுக்கும் பந்தயத் தூரம் கால் மைலிலிருந்து 1,000 அடியாக, அதாவது 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது. வாகனம் எட்டும் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் நிற்பதற்கான தூரத்தைக் கூட்டுவதும் இதன் நோக்கம். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போற்றப்பட்ட கால் மைல் மரபைவிட ஓட்டுநரின் உயிரே பெரிது என்று விளையாட்டு ஏற்றுக்கொண்டது.

இந்நிகழ்வு ஓர் உண்மையை உணர்த்துகிறது. தீ தாங்கும் பல அடுக்கு உடை, தலைக்கவசம், இரும்புக் கூண்டு, வான்குடை, தீயணைப்புக் குழு, மருத்துவ ஊர்தி ஆகிய எல்லாம் இருந்தும் தேர்ந்த வீரர்களே இறக்க நேர்கிறது. இவற்றுள் ஒன்றுகூட இல்லாத பொதுச்சாலையில், எதிரே லாரியும் குறுக்கே பாதசாரியும் வரும் இடத்தில், வேகப் போட்டி எத்தகைய முடிவைத் தரும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜொகூரிலிருந்து தொடங்கும் பாதை

மோட்டார் விளையாட்டு ஜொகூருக்குப் புதியதன்று. 1986-ஆம் ஆண்டில் பாசிர் கூடாங்கில் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டில் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் பந்தயம் அங்குதான் நடந்தது. உலக வாகையர்கள் ஜொகூர் மண்ணில் போட்டியிட்டனர். மறு ஆண்டு திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலகத் தடத்துக்கு அப்பந்தயம் மாறியது. 2002-ஆம் ஆண்டில் மலேசியரான கரம்ஜித் சிங், புரோட்டான் காரை ஓட்டி, தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலி வாகையர் பட்டத்தை வென்றார். மலேசியர்களுக்கு இத்துறையில் இடமில்லை என்று எவரும் கூற இயலாது.

அந்த இடத்தை அடைவதற்கு முறையான வழிகள் உள்ளன. மலேசியாவில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறக் குறைந்தது 16 வயதும், கார் உரிமம் பெற 17 வயதும் ஆகியிருக்க வேண்டும். பந்தயத்தில் பங்குபெற விரும்புவோருக்கு மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கம் தனி உரிமம் வழங்குகிறது. வயது குறைந்தவர்கள் சிறுவர்களுக்கான கார்ட் பந்தயத்தில் பயிற்சி பெறலாம். உலகின் பல முன்னணி ஓட்டுநர்கள் தொடங்கியது அங்கேதான். அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் நடத்துவதை 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது.

ஓட்டுநர் ஆவது ஒன்றே வழியன்று. ஷெர்லி வெல்வதற்கு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிய கைகளும் காரணம். ஒரு பந்தயக் குழுவில் இயந்திர வல்லுநர், மின்னணுத் தொழில்நுட்பர், தரவுப் பகுப்பாய்வாளர், பாதுகாப்பு அதிகாரி, மருத்துவர் எனப் பலர் பணியாற்றுகின்றனர். தொழிற்கல்லூரிகளிலும் பலதொழில்நுட்பக் கல்லூரிகளிலும் வாகனத் தொழில்நுட்பம் பயில வாய்ப்புள்ளது. மோட்டார் சைக்கிளை இரவு முழுவதும் பிரித்துப் பூட்டும் ஆர்வம் ஓர் இளைஞரிடம் இருந்தால், அது குற்றமன்று. ஒரு தொழிலின் தொடக்கமாகவும் அமையலாம்.

2017-ஆம் ஆண்டில், ஜொகூர் பாரு தன் எட்டுப் பிள்ளைகளை இழந்த அதே ஆண்டில், அமெரிக்காவில் பிரிட்டனி ஃபோர்ஸ் என்ற பெண் டாப் ஃபியூல் வாகையர் ஆனார். ஷெர்லிக்குப் பின் அப்பட்டத்தை வென்ற முதல் பெண் அவர். இடையில் 35 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் உரிமம் பெற்றபோது, பெண்ணுக்கு உரிமம் தரலாமா என்ற வாதம் எழவில்லை. ஷெர்லி அந்த வாதத்தை என்றோ முடித்து வைத்திருந்தார்.

ஷெர்லி மல்டவுனியின் வாழ்க்கை வேகத்தைப் பற்றிய கதை மட்டுமன்று. தெருவில் ஓட்டிய பெண்ணைத் தடம் ஏற்றுக்கொண்டது. அவருடைய திறமையைக் கடிகாரம் அளந்தது. நாளை எதிரே நிற்கப்போகும் மூவர் அவரை நம்பிக் கையொப்பமிட்டனர். வீழ்ந்தபோது காப்பாற்ற ஆட்கள் அருகிலேயே இருந்தனர். இவை அனைத்தும் கிடைத்ததால்தான் அவரால் அறுபது வயதைக் கடந்தும் ஓட்ட முடிந்தது. வேகத்தை விரும்பும் இளையோருக்குத் தேவைப்படுவதும் இவைதாம்: விரைந்து செல்ல ஒரு தடம், நின்று திரும்ப ஓர் இடம், நம்பி வழிகாட்டப் பெரியவர்கள் சிலர்.